கடுங்குளிருக்குப் பின் சீமையத்தி

(லண்டனில் தோட்டக்கலையில் ஈடுபாடுள்ள தமிழன்பர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இக்குளிர்காலம் ஒருவாறு கழிந்து, மார்ச் மாதத்து வெயில் சிறிது முகங்காட்டத் தொடங்கிய நாள் முதலாக, இங்கே வந்திருக்கும் அன்பர்களில் அநேகர் என்னைக் காணும்போதெல்லாம் கேட்டுவரும் கேள்வி, தங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற அத்திமரம் அடிமுதல் நுனிவரை பட்டுப்போனதாகத் தோன்றுகிறதே, அதை வெட்டி எறிந்துவிட்டு அவ்விடத்தில் வேறு செடி வைக்கலாமா என்பதே. எல்லோருக்கும் சேர்த்து என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்னும் இரண்டு மாத காலத்திற்கு அந்த மரத்தின்மீது கத்தி படக் கூடாது. அந்த இரண்டு மாதமும் கழிந்தபின், வெட்டவேண்டியதை வெட்டுவதில் அணுவளவும் இரக்கங் காட்டக் கூடாது. அதற்கும் மேலாக நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றுண்டு. இந்நாட்டைப் போன்ற குளிர்தேசத்தில் ஒற்றை அடிமரத்தோடு ஓங்கி நிற்கும் அத்தி நமக்கு வேண்டியதே இல்லை. தூரிலிருந்து பல கொம்புகள் கிளம்பிப் புதராக நிற்கும் அத்தியே இங்கு நீடித்து வாழும். ஆகையால் நாம் துயரப்படும் இந்தச் சேதமே, மரத்தைச் சரியான உருவத்துக்குக் கொண்டுவர நமக்கு வாய்த்த தருணம் என்பது என் அபிப்பிராயம்.

நான் பேசுவது, நம் நாட்டு ஆற்றோரங்களில் அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாய்க் காய்த்துச் சிவந்து உதிரும் நாட்டத்தியைப் பற்றியன்று. இங்குள்ளவர்கள் தெற்குப் பார்த்த சுவரோரங்களில் வளர்ப்பதும், நம் ஊர்க் கடைகளில் உலர்த்திக் கயிற்றில் கோத்து விற்கப்படுவதுமான சீமையத்தியைப் பற்றியே. மேற்காசியாவும் மத்தியதரைக் கடலின் கரைகளும் அதன் ஜன்மபூமி. அங்கே கோடை நீண்டது, வறண்டது; குளிர்காலமோ குறுகியது, மிருதுவானது. இலையுதிர்த்து உறங்கும் மரங்களுள் ஆப்பிள் முதலானவை நெடுங்காலம் குளிரில் கிடந்தாலன்றி விழித்தெழுவதில்லை. சீமையத்திக்கோ சொற்பக் குளிரே போதும். அது தீர்ந்ததும், பிப்ரவரி மாதத்தில் நாலைந்து நாள் தொடர்ந்து வெயிலடித்தால்கூட, வசந்தம் வந்துவிட்டதென்று நம்பி மொட்டுகளைப் பருக்கச் செய்யத் தொடங்கிவிடும். அதற்கடுத்த வாரம் உறைபனி திரும்புமாயின், டிசம்பர் மாதத்துக் கடுங்குளிரைத் தாங்கிய அதே கொம்பு, அதனினும் குறைந்த குளிருக்குப் பலியாகிவிடும்.

குளிர் ஒரு மரத்தை எவ்வாறு கொல்கிறது என்பதை அறிந்துகொண்டால், அதற்குரிய பரிகாரமும் தானே விளங்கும். வெப்பம் மெல்ல மெல்லக் குறையும்போது, முதலில் உயிரணுக்களுக்கு இடையேயுள்ள வெளிகளில் நீர் உறைந்து பனிக்கட்டியாகிறது. அப்பனிக்கட்டி அணுக்களின் உள்ளிருக்கும் நீரையும் வெளியே இழுத்துக்கொள்வதால், குளிரின் நடுவிலே அவை வறட்சியால் வாடுகின்றன. நன்றாக முற்றிய கொம்பு, இலையுதிர் காலத்திலேயே தன் அணுக்களில் சர்க்கரையைச் சேர்த்துக்கொண்டு இந்த வறட்சிக்கு ஆயத்தமாகியிருக்கும். செப்டம்பர் வரையிலும் எருவும் நீரும் ஊட்டப்பட்டு, பசேலென்று கொழுத்து நின்ற இளங்கொம்புக்கு அந்த ஆயத்தம் கிடையாது. முற்றி உறங்கும் சீமையத்தி, பூஜ்யத்துக்குக் கீழே 9, 10 டிகிரி சென்டிகிரேட் வரையில் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். முற்றாத இளங்கொம்பு அதற்கு வெகு முன்பே கருகிவிடும். ஒரே தெருவில், ஒரே இரவுக் குளிரில், ஒரு வீட்டு மரம் பிழைத்து அடுத்த வீட்டு மரம் கருகுவதற்கு, பெரும்பாலும் குளிர் காரணமன்று. முந்தின கோடையில் நாம் அதற்கு இட்ட தழைச்சத்தே காரணம்.

ஆனால் மண்ணுக்கு மேலே உள்ளவற்றையெல்லாம் குளிர் தீய்த்துவிட்ட போதிலும், மண்ணுக்குள் ஓரடி ஆழத்தில் நிலைமை வேறு. இந்நாட்டில் உறைபனி அவ்வளவு ஆழம் இறங்குவது அபூர்வம். வேரும், வேரோடு சேர்ந்த தூரும், அத்தூரில் பல்லாண்டுகளாகக் கண்விழியாமல் கிடக்கும் மொட்டுகளும் அங்கே க்ஷேமமாக இருக்கின்றன. இங்கே நாம் கவனிக்கவேண்டிய விசேஷம் ஒன்றுண்டு. ஒட்டுமரமான ஆப்பிள் பட்டுப்போனால், அடியிலிருந்து முளைப்பது யாரும் விரும்பாத காட்டுவகை. சீமையத்தியை ஒட்டுக்கட்டி வளர்ப்பது அரிது. கொம்பை வெட்டி மண்ணில் ஊன்றினால் வேர்பிடித்துவிடுகிறது. ஆகையால் தூரிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு முளையும் அசல் மரமே. யோர்தான் பள்ளத்தாக்கில் கில்கால் என்னுமிடத்தில் பதினோராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடைய கரிந்த அத்திப்பழங்கள் கண்டெடுக்கப்பட்டபோது, மனிதன் தானியங்களைப் பயிரிடுவதற்கு முன்பே அத்திக்குச்சியை நட்டு வளர்க்கக் கற்றிருக்கக்கூடும் என்று ஆய்வாளர் சிலர் கருதினர். அது முடிந்த முடிபாகாவிடினும், அதைச் சொல்லத் தோன்றுமளவுக்கு எளிதாக வேரூன்றும் ஜீவசக்தி இம்மரத்திற்கு உண்டு என்பதில் ஐயமில்லை.

இவ்வூரிலேயே அதற்குப் பிரத்தியட்ச உதாரணம் இருக்கிறது. தேம்ஸ் நதிக்கரையிலுள்ள லாம்பெத் அரண்மனையில், 16-ஆம் நூற்றாண்டில் கார்டினல் போல் என்னும் பேராயர் நட்டதாக ஐதிகமுள்ள வெள்ளை மார்சேல்ஸ் என்னும் வகை அத்திகள் உண்டு. தேம்ஸ் நதி உறைந்து, அதன்மேல் கடைகள் போட்டுச் சந்தை கூடிய 1813-14-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவை மிகவும் சேதமடைந்தன என்றும், பின்னர் தேறி வந்தன என்றும் பழைய தோட்டக்கலை நூல்கள் குறித்துவைத்திருக்கின்றன. அதன் பின்னும் இந்நாடு எத்தனையோ குளிர்களைக் கண்டுவிட்டது. 1962-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸை அடுத்துத் தொடங்கி மறுவருஷம் மார்ச் வரை நீடித்த குளிரைப் போன்றது மத்திய இங்கிலாந்தில் 1740-க்குப் பிறகு வந்ததில்லை; 1963 ஜனவரியின் சராசரி வெப்பமே அங்குப் பூஜ்யத்துக்குக் கீழே 2.1 டிகிரியாக இருந்தது. அத்தகைய ஒரு காலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், இவ்வாண்டு நாம் பட்டது சொற்பமே.

இனி, ஏன் காத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லுகிறேன். கொம்பின் பட்டையை நகத்தால் சிறிது சுரண்டிப் பார்த்தால், உயிருள்ளதாயின் உள்ளே ஈரம் பொருந்திய பச்சை நிறம் தெரியும், இறந்ததாயின் தவிட்டு நிறம் தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள், அது மெய்தான். ஆயினும் மார்ச் மாதத்தில் இந்தச் சோதனையை முழுதும் நம்புவதற்கில்லை. குளிரில் அடிபட்ட கொம்பு, தன்னுள் எஞ்சியிருக்கும் ஈரத்தைக் கொண்டு பல வாரங்கள் பச்சையாகவே காட்சியளித்து, ஏப்ரலில் மொட்டவிழ்க்க முயன்று, முடியாமல் அப்படியே வற்றிவிடுவதுண்டு. இதற்கு மாறாக, நுனியில் கருத்துச் சுருங்கி, நாம் கைவிட்டுவிட்ட கொம்பு ஒன்று, மே மாதக் கடைசியில் அடிப்பகுதியின் முதிர்ந்த பட்டையைப் பிளந்துகொண்டு, மிளகளவு பச்சை மொட்டொன்றை வெளிப்படுத்துவதும் உண்டு. எது வரையில் உயிர் நிற்கிறது என்பதை மரமே நமக்குக் காட்டுமுன், நாம் ஊகித்து வெட்டுவது இருமுறை வெட்டுவதில்தான் முடியும். அல்லது உயிருள்ளதை வெட்டுவதில் முடியும்.

காத்திருக்கும் காலத்தில் பார்க்கவேண்டியவை சில உண்டு. இறந்த கொம்பை வளைத்தால் வளையாமல் சடக்கென ஒடியும். அதன் பட்டை நீளவாட்டில் சுருக்கங்கொண்டு, ஒளி மங்கிக் கிடக்கும். சில நாளில் அதன்மேல் குண்டூசித் தலையளவான செம்மஞ்சள் புள்ளிகள் நெருக்கமாகத் தோன்றுமானால், அது பவளப்புள்ளி என்று இங்குள்ளவர் வழங்கும் பூஞ்சணம். அது பெரும்பாலும் இறந்த மரத்தையே பற்றுவது. ஆனால் இறந்ததன் வழியாக உயிருள்ளதற்குள்ளும் நுழைந்துவிடும். அந்தப் புள்ளிகளைக் கண்ட கொம்பை மட்டும் மே வரை விட்டுவைக்க வேண்டாம். உடனே அறுத்து எரித்துவிடுங்கள். அடித்தூரைச் சுற்றி எலிகள் பட்டையைக் கறித்திருக்கின்றனவா என்பதையும் குனிந்து பாருங்கள். குளிருக்காகச் சுற்றிய வைக்கோலே அவற்றிற்கு வீடாகிவிடும். நீர் ஊற்றுவதில் கை அடக்கம் வேண்டும். இலையில்லாத மரத்திற்கு நீர் செலவில்லை. ஈரத்திலே வேர் அழுகினால் கடைசி நம்பிக்கையும் போய்விடும்.

மே மாத முடிவில், அல்லது ஜூன் முதல் வாரத்தில், எங்கெங்கே துளிர் வந்திருக்கிறதோ அங்கங்கே அதற்குச் சற்று மேலே சாய்வாக வெட்டவேண்டியது. வெட்டுவாயில் தவிட்டு நிற வட்டம் தெரிந்தால், அது மறையும்வரை கீழே இறங்கி வெட்டுங்கள். வெட்டியவுடன் வெண்பால் முத்துமுத்தாகக் கசியுமிடத்தில் நின்றுவிடலாம். மண்ணுக்குமேல் எங்குமே துளிரில்லை, தூரைச் சுற்றி மட்டும் முளைகள் கிளம்புகின்றன என்றால், பழைய கொம்புகள் அனைத்தையும் மண்மட்டத்தோடு ரம்பத்தால் அறுத்துவிட வேண்டியதுதான்; சாண் அளவு கட்டையை விட்டுவைப்பதால் ஒரு பயனும் இல்லை, அழுகலுக்கு இடங்கொடுப்பதாகவே முடியும். முன்னாளில் வெட்டுவாய்க்குத் தாரோ வர்ணமோ பூசுவது வழக்கம்; இப்போது அதை விட்டுவிட்டார்கள், விட்டது நன்றே.

அத்திப்பாலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது கையில் பட்டு, பட்ட இடத்தில் வெயிலும் பட்டால், மறுநாள் தீக்காயத்தைப் போலக் கொப்புளிக்கும். தழும்பு மாதக்கணக்கில் மாறாமல் இருப்பதுமுண்டு. முழுக்கைச் சட்டையும் கையுறையும் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

இதற்குப் பின்னரே நம் புத்திக்கு வேலை. வேர்ப் பெருக்கம் அப்படியே இருக்க, தாங்கவேண்டிய மரம் இல்லாமற்போனதால், தூரிலிருந்து பத்து, இருபது என்று கன்றுகள் ஆவேசமாகக் கிளம்பும். அவற்றைக் கண்ட மகிழ்ச்சியில் எல்லாவற்றையும் வளரவிட்டால், ஒன்றுக்கொன்று நிழலாகி, ஒரு கொம்பும் முற்றாமல், அடுத்த குளிரில் அத்தனையும் கருகும். ஒற்றைக் கன்றை மட்டும் விட்டு மற்றவற்றை அழித்து, மீண்டும் ஓர் அடிமரத்தை உருவாக்குவதோ அதைவிடப் பெரிய பிசகு. அடிமரம் தடித்திருந்தால் குளிரைத் தாங்கும் என்பது ஓரளவு மெய்யே. ஆனால் தாங்காமற்போகும் ஆண்டில் அதோடு எல்லாமே போகிறது. அன்றியும் உயர்ந்த மரத்தைப் போர்த்துவதும் வளைப்பதும் சாத்தியமில்லை. ஆகவே தூரின் நான்கு புறமும் இடைவெளி பார்த்து, கட்டுறுதியான ஐந்தாறு கன்றுகளைத் தேர்ந்துகொண்டு, மற்றவற்றை ஒரு சாண் வளருமுன் கையாலேயே பறித்தெடுத்துவிடுங்கள். நிறுத்திய கன்றுகளின் அடியைச் சுற்றி மண்ணை அணைத்து விடுங்கள். மண்ணுக்குள் மறைந்த கணுக்கள் வேர்விடும். அடுத்த கடுங்குளிர் எப்போது வந்தாலும், அத்தனை மொட்டுகள் அதன் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும்.

இந்தப் புதர்முறை என் கற்பனையன்று. குளிர்தேசத்தில் அத்தியை நம்பிப் பிழைத்த ஜனங்கள் அனுபவத்தால் கண்டது. பிரான்ஸ் தேசத்தின் பதினான்காம் லூயி மன்னனுக்கு அத்திப்பழத்தில் அளவற்ற பிரியம். வெர்சேல்ஸ் அரண்மனைத் தோட்டத்தின் அதிகாரியாயிருந்த லா கேந்தினி, எழுநூறு அத்திமரங்களை மரப்பெட்டிகளிலே வளர்த்து, குளிர்காலத்தில் கட்டடத்துக்குள் வைத்துக் காப்பாற்றினார். அரசனுடைய பொக்கிஷம் அதற்கு இடங்கொடுத்தது. பாரிஸுக்கு வடமேற்கே ஸேன் நதிக்கரையில் அந்நாளில் கிராமமாயிருந்த அர்ஜாந்தேயின் குடியானவர்களிடம் அத்தகைய கட்டடம் ஏது? அவர்கள் அத்தியை அடிமரமே இல்லாத புதராக, கொம்புகளெல்லாம் சாய்ந்து படியும்படி பள்ளத்தில் நட்டார்கள். நவம்பரில் இலையுதிர்ந்ததும், கொம்புகளை நாலு கட்டாகச் சேர்த்து, நாலு திசையிலும் வெட்டிய குழிகளில் மெல்ல வளைத்துப் படுக்கவைத்து, மண்ணைப் போட்டு மூடினார்கள். பிப்ரவரி கழிந்து, உறைபனியின் வேகம் தணிந்தபின், வெயில் சுள்ளென்று அடிக்காத ஒரு மப்பான நாளாகப் பார்த்து மண்ணை நீக்கிக் கொம்புகளை எழுப்பினார்கள். இருட்டிலும் ஈரத்திலும் கிடந்த பட்டை திடீரென்று வெயிலைக் கண்டால் வெந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1879 டிசம்பர் 10-ஆம் தேதி பாரிஸில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 23.9 டிகிரி வரை இறங்கியது. வெளியில் நிற்கும் எந்த அத்திக்கும் அது எமனே. மண்ணுக்குள் கிடப்பதற்கு அப்படியன்று. ஏட்டுக் கல்வி இல்லாத அந்தக் குடியானவர்களின் விவேகத்தை நினைக்கும்போது எனக்கு மிகுந்த மரியாதை உண்டாகிறது. பழத்தின் கண்ணில் ஒரு துரும்பால் துளி ஆலிவ் எண்ணெய் தொட்டு வைத்து, அதைச் சில நாள் முந்திப் பழுக்கவைக்கும் உபாயமும் அவர்களிடம் வழக்கத்திலிருந்தது.

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்து ப்ரூக்ளின் பகுதியில், சிசிலியிலிருந்தும் கலாப்ரியாவிலிருந்தும் குடியேறிய இத்தாலியர்கள் தங்கள் ஊர் அத்திக்குச்சியைக் கொண்டுபோய் நட்டுக்கொண்டார்கள். அங்குள்ள குளிர் இங்குள்ளதைவிடக் கொடியது. கொம்புகளை இறுக்கிக் கட்டி, சாக்கும் பழைய கம்பளமும் தார்க்காகிதமும் சுற்றி, உச்சியில் மழைநீர் இறங்காதபடி ஒரு வாளியைக் கவிழ்த்து வைப்பார்கள். சிலர் ஒரு பக்கத்து வேரை வெட்டி மரத்தையே குழியில் சாய்த்து மூடுவார்கள். பிறந்த மண்ணை விட்டு வந்தவர் அந்த மண்ணின் மரத்தை இப்படிப் பேணிக் காப்பது எவ்வளவு உருக்கமானது என்பதை இந்தச் சபைக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

பழம் எப்போது கிடைக்கும் என்று கேட்பீர்கள். சீமையத்தி இருபோகம் காய்ப்பது. சென்ற ஆண்டுக் கொம்பின் நுனியில் பட்டாணியளவிலோ அதற்கும் சிறிதாகவோ குளிரைக் கழித்த பிஞ்சுகள், இவ்வாண்டு கோடையில் பழுப்பது ஒரு போகம். இவ்வாண்டு துளிர்த்த கொம்பிலேயே காய்த்துப் பழுப்பது மற்றொரு போகம். ப்ரூக்ளினின் நீண்ட, வெப்பமான கோடையில், தூரிலிருந்து கிளம்பிய கன்றே அவ்வாண்டு இலையுதிர் காலத்துக்குள் பழம் தந்துவிடக்கூடும். இங்கிலாந்தின் கோடைக்கு அந்த வலிமை போதாது; இங்கே திறந்த வெளியில் நமக்குக் கிடைப்பது குளிரைக் கழித்த பிஞ்சுகளின் பழமே. ஆகையால் கொம்பு நுனிகளெல்லாம் கருகிய மரத்தில் இவ்வாண்டு பழத்தை எதிர்பார்க்க வேண்டாம். அடுத்த ஆண்டுப் பழத்துக்காகவே இவ்வாண்டு உழைக்கவேண்டும். அந்த உழைப்பில் முக்கியமானது நுனி கிள்ளுதல். ஜூன் மாதத்துக்குள் புதுக்கொம்பு ஐந்தாறு இலை விட்டிருந்தால், அதன் நுனியைக் கிள்ளிவிடுங்கள். மேலே ஓடும் வேகம் தணிந்து பக்கக் கொம்புகள் கிளம்பும். அக்கொம்புகள் குட்டையாகவும் கெட்டியாகவும் முற்றி, நுனியில் பிஞ்சுகளைத் தாங்கிக் குளிரை எதிர்கொள்ளும். ஜூலைக்குப் பின் கிள்ளினால், அதனால் வரும் துளிர் முற்றாமலே பனியில் மாட்டிக்கொள்ளும்.

எரு விஷயத்தில், மரம் நோயாளியாயிற்றே என்று இரங்கித் தழைச்சத்தை வாரிக் கொட்டுவதைப் போன்ற அபகாரம் வேறில்லை. துளிர் நன்றாகக் கிளம்பியபின் மக்கிய எரு ஒரு கூடையும், விறகுச் சாம்பல் சிறிதும் போதும். ஆகஸ்டுக்குப் பின் ஒன்றும் வேண்டாம். இங்குள்ள பழைய தோட்டக்காரர்கள் அத்தியின் வேர் பரவாதபடி, இரண்டடிச் சதுரக் குழிக்கு நாற்புறமும் கற்பலகை நிறுத்தி, அடியில் செங்கல் உடைசலை இடித்துப் போட்டு, அதற்குள் நடுவதை வழக்கமாகக் கொண்டது, கொம்பு கொழுக்காமல் முற்றவேண்டும் என்பதற்காகவே.

சுவரில் விசிறிபோலப் படர்த்திய மரமானால், கம்பியில் இழுத்துக் கட்டுவதற்குத் தோதான கன்றுகளை இடப்புறமும் வலப்புறமுமாகத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதைத் தவிர வேறு வித்தியாசமில்லை. சுவரின் வெப்பம் அதற்குத் துணையிருப்பதால் சற்று விரைவாகத் தேறும்.

அக்டோபரில் மரத்தில் எஞ்சி நிற்கும் பெரிய காய்களை, எவ்வளவு ஆசையாக இருந்தாலும், பறித்து எறிந்துவிடுங்கள். அவை குளிரிலே அழுகுமேயன்றிப் பழுக்கமாட்டா. பட்டாணியளவுள்ள நுனிப்பிஞ்சுகளை மட்டும் விட்டுவையுங்கள். இலை உதிர்ந்தபின் கொம்புகளைச் சேர்த்துக் கட்டி, உள்ளே வைக்கோலையோ காய்ந்த காட்டுப்பெரணியையோ திணித்து, வெளியே சாக்கைச் சுற்றுங்கள். தூரின்மேல் ஓரடி உயரத்துக்கு இலைச்சருகு குவியுங்கள். பிளாஸ்டிக் தாளை நேராகச் சுற்றவேண்டாம். பகலில் உள்ளே வெப்பம் ஏறி, நான் முன்பு சொன்ன போலி வசந்தத்தை நாமே உண்டாக்கியதாகும்.

ஜூலை மாதமும் பிறந்து, தூரைச் சுற்றி ஒரு முளையும் காணாவிட்டால், ஒரு பக்கமாக மண்ணைக் கிளறி, விரல் பருமனுள்ள வேர் ஒன்றை வெட்டிப் பாருங்கள். உள்ளே வெண்மையும் பாலும் இருந்தால் மண்ணை மூடிவிட்டு அடுத்த ஆண்டுவரை பொறுக்கலாம். கருத்து நொளுநொளுத்து நாறினால் மரம் போயிற்றென்றே கொள்ளவேண்டும். அப்போது மட்டும் தோண்டியெடுங்கள். பதிலுக்குக் கடையில் போய் விலைகொடுத்து வாங்குவதற்கு முன், உங்கள் தெருவிலேயே இந்தக் குளிரைத் தாங்கி நின்ற மரம் எது என்று விசாரியுங்கள். இலையுதிர்ந்து உறங்கும் காலத்தில், அந்த வீட்டாரிடம் கேட்டு, முற்றிய கொம்பில் ஒரு சாண் நீளத்துக்கு மூன்று நான்கு குச்சிகள் வாங்கி வந்து, மேல்மொட்டு ஒன்று மட்டும் தெரியும்படி மணல் கலந்த மண்ணில் ஊன்றி, உறைபனி படாத இடத்தில் வைத்தால், வசந்தத்தில் அவை வேர்பிடித்துவிடும்.